ஒகேனக்கலுக்குத் தூங்காமல் போன பயணம்

அருவி, பரிசல், மீன் வறுவல் என்று தேடி இங்கே வந்திருந்தால் மன்னியுங்கள். இதில் அருவி இரண்டு வரிதான். போய் வந்து நான்கு மாதம் ஆகிறது. எனக்குத் தந்த மாத்திரை கேட்கிறதா என்று தெரியாமல் எழுதப் பயமாக இருந்தது.

மகள் யாழினிக்கு ஏழு மாதம் ஆனபோது என் இடது கண் இமை சரியத் தொடங்கியது. சாயங்காலமானால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஒருநாள் கட்டில் ஓரத்துக்குத் தவழ்ந்தவளை எட்டிப் பிடித்தேன். கையில் காற்றுதான் வந்தது. நிஜ யாழினியைப் பாய்ந்து பிடித்தது என் கணவர் செந்தில். அன்றிலிருந்து அவளைத் தனியாகத் தூக்க நடுக்கம். மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். மூன்று முறையும் காலை முதல் டோக்கன், நன்றாகத் தூங்கி எழுந்து போனேன். இமை சமர்த்தாக நின்றது. "ஒண்ணுமில்லம்மா, குழந்தைக்காரி, தூக்கம் பத்தல" என்றார்கள்.

எங்கள் கம்பைநல்லூரில் யாழினிக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ்தான் சொன்னார்: "ஒகேனக்கல்ல ஒரு பரிசல்காரருக்கு இதே மாதிரிங்க. பெங்களூர்ல இருந்து ஒரு நரம்பு டாக்டரம்மா வருசா வருசம் வந்து பாக்கறாங்க." விசாரித்து மெயில் அனுப்பினேன். பதில் நான்கே வரி: 'சனிக்கிழமை நான்கு மணிக்குப் பரிசல் துறைக்கு வரவும். பஸ்ஸில் தூங்க வேண்டாம். குழந்தையை நீங்களே தூக்கி வரவும். கணவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.'

காலை 11.40க்குக் கம்பைநல்லூரில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 12.35க்குத் தர்மபுரி. 1.15க்கு ஒகேனக்கல் பஸ், சுமார் 46 கி.மீ., ஆளுக்கு 38 ரூபாய். பென்னாகரத்தில் ஏறிய கூட்டத்தில் ஒரு பாட்டியம்மாவுக்கு இடம் கொடுத்துவிட்டு, யாழினியோடு கம்பியில் சாய்ந்து நின்றேன். செந்தில் என் முதுகோடு ஒட்டி நின்றார். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்னா சார், அந்தம்மா கொழந்தையத் தூக்கினு தள்ளாடுது, நீங்க கைய வீசினு வர்றீங்க?"

"டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"நல்ல டாக்டரைப் புடிச்சீங்க சார்! என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிக்க முகம் வரவில்லை. மலைப்பாதை வளைவுகளில் மரங்கள் இரண்டிரண்டாக இறங்கின. 3.05க்கு இறங்கினோம்.

துறைக்குப் பக்கத்தில் ஒரு மீன் வறுவல் கடை. நடத்துவது ராஜம்மா, அவர் கணவர் முனுசாமிதான் அந்தப் பரிசல்காரர். பெஞ்சில் அவர் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, காட்டன் புடவையும் ஓட்டக்காரர் ஷூவுமாக, ரத்தம் எடுக்கும் கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் டாக்டர்.

"அந்த மரத்து உச்சியைப் பாருங்க. கண்ணை எடுக்கக் கூடாது."

ஒரு நிமிடத்தில் இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தார். "ராஜம்மா, ஐஸ்!"

"மீனு ஐஸுங்க, நாத்தம் அடிக்கும்."

"மூக்குல வைக்கல. குடு."

ரப்பர் கையுறையில் ஐஸை நிரப்பி முடிச்சுப் போட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம், கடிகாரம் பார்த்து வைத்தார். எடுத்ததும் செந்தில் எழுந்தே நின்றுவிட்டார். "ஏய்… உன் கண்ணு!" மொபைலில் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே அளவு திறந்திருந்தன. மூன்று மாதம் ஒருவருக்கும் தெரியாதது, மீன்பெட்டி ஐஸில் தெரிந்துவிட்டது.

"நரம்பு சொல்றது தசைக்குக் கேக்கணும்மா. அந்தக் காதை உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே அடைச்சு வைக்குது. குளிர்ல கொஞ்ச நேரம் கேக்கும். ஓய்வெடுத்தாலும் கேக்கும். அதான் காலைல தெரியல. ரத்தம் எடுத்து உறுதி பண்ணிக்கலாம்."

என் கேள்வி ஒன்றுதான். "பாப்பாவுக்கு என்கிட்டருந்து…?"

யாழினியை நிமிர்த்தி, கழுத்தைப் பார்த்து, விரலைப் பிடிக்கக் கொடுத்தார். "வர்றதா இருந்தா பொறந்த சில நாள்லயே தெரிஞ்சிருக்கும். பத்து மாசம் ஆச்சு. பால் குடுங்க."

அழுதேன். ராஜம்மா தன் முந்தானையைக் கொடுத்தார். அதிலும் மீன் வாசனை.

அப்புறம்தான் முனுசாமி தன் கதையைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன், டாக்டரம்மா இளம் வயதில் தோழிகளோடு அருவி பார்க்க வந்து இவர் பரிசலில் ஏறியிருக்கிறார். பாதி ஆற்றில் முனுசாமிக்குத் துடுப்பு ஓய்ந்து, இமை சரிந்து, பேச்சுக் குழறியிருக்கிறது. "எல்லாரும் குடிகாரன்னு திட்டினாங்க. இந்தம்மா மட்டும் கிட்ட வந்து மோந்து பாத்துச்சுங்க." கரையேறியதும் டாக்டர் கேட்டது ஐஸ். இது ஏன் வருகிறது என்ற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு டாக்டருக்கு ஆயுசு முழுக்க ஆராய்ச்சி.

"உடம்பு ஏன் தன்னையே அடிக்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியல. வருசா வருசம் இவர் ரத்தத்தைக் கேக்கறேன், பதில் சொல்ல மாட்டேங்குது" என்றார் டாக்டர்.

"நான் என்னா பண்ணட்டும், அது எனக்கே சொல்லலீங்களே!"

ஆராய்ச்சிக்கும் சேர்த்து ரத்தம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் இருக்காதாம், எண் மட்டும்தான். கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "இனிமே தூங்கலாம். பாப்பாவை அவர்கிட்ட குடுங்க." 5.30 பஸ்ஸில் உட்கார்ந்ததும் கொடுத்தேன். அருவிச் சத்தம் கொஞ்ச தூரம் வந்தது. பிறகு எனக்கு நினைவில்லை. தர்மபுரியில்தான் எழுப்பினார்.

ரத்தச் சோதனை உறுதிப்படுத்தியது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை கேட்கிறது. கட்டிலில் இப்போது ஒரு யாழினிதான்.

இதே தொல்லையோடு போகிறவர்களுக்கு: சாயங்காலத்தில் முகத்தைப் படம் எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். வேறு எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும் உங்களுக்கு இந்த நோய் இருப்பதைச் சொல்லுங்கள். சில ஆன்டிபயாட்டிக் ஆகாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் எதற்கும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி, நல்லபடியாகத் தெரியவேண்டும் என்று ஓய்வெடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் களைப்பையும் கூடவே கூட்டிப் போங்கள். டாக்டர் பார்க்கவேண்டியது அதைத்தான்.