கொப்லின் குகையில் நான் சொன்ன பதில்

காயவைத்த புகையிலையின் காரம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கும்…

அப்போது நான் தரம் எட்டு. இணுவிலில் பெரியம்மா வீட்டுப் பின்வளவில் ஒரு புகையிலைக் கொட்டில் இருந்தது. தலைக்கு மேலே இலைகள் வௌவால்களைப்போலத் தொங்கும். பகலிலும் இருட்டு. அங்கேதான் பெரியம்மாவின் மகன் சேந்தன் அண்ணை எனக்கும் என் தோழி யாழினிக்கும் அந்த விளையாட்டைப் பழக்கினார்.

அவர் கதை சொல்லுவார். கதைக்குள் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்ல, அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள டைஸ் தீர்மானிக்கும்; சின்ன எண் விழுந்தால் பலிக்காது. பாத்திரம் செத்தால் செத்ததுதான்.

என்னுடைய பாத்திரம் ஆரணி, வாள் சுழற்றும் பெண்.

ஒரு மழைநாள், ஆரணி தனியாகக் கொப்லின்களின் குகைக்குள் விழுந்தாள். கொப்லின் என்றால் பச்சைத் தோலும் நீளக் காதுமாக மலைக்கு அடியில் வாழும் குள்ளச் சனம். பந்தம் அணையாமலிருக்க டைஸை உருட்டினேன். இரண்டு.

பந்தம் அணைந்துவிட்டது என்றார் அண்ணை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுற்றிவர மூச்சு விடும் சத்தமாம்… நிறைய மூச்சாம்… யாழினி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரு சின்னக் கை உன்ரை முகத்தைத் தடவிப் பாக்குது."

என் கன்னம் உண்மையாகவே கூசியது. அடுத்தது கத்திதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் இருட்டுக்குள் ஒரு கொப்லின் பெண் கேட்டாள்:

"நீ ஆற்றை பிள்ளை?"

யாருடைய பிள்ளை என்று கோயிலில், கலியாணவீட்டில், பஸ்ஸில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வி. யோசிக்கவே இல்லை. வாய் பழக்கத்தில் ஆரணியின் அப்பா பெயரைச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த அப்பாவை உண்டாக்கியதே நான். கொப்லின்களின் ஊர்களைக் கொளுத்திப் பேரெடுத்தவர் என்று, பெருமைக்காக எழுதியிருந்தேன்.

பெயரைக் கேட்டதும் ஒரு குழந்தை வீரிட்டு அழுததாம். அந்தப் பெண் அதை அணைத்துக்கொண்டு, "அழாதை, அவர் இல்லை. அவரின்ரை பிள்ளைதான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பயப்பிடாதை. உன்னை ஒண்டும் செய்யமாட்டம். இஞ்சை இரு. கொப்பர் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்."

"அப்பா வந்தால் எல்லாரையும் கொளுத்திப்போடுவார், அண்ணை" என்றேன்.

"அது அந்தச் சனத்துக்கும் தெரியும்" என்றார் அண்ணை.

பெரியம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். அடுத்த கிழமை அண்ணை படிப்புக்கு வெளிநாடு போனார். கதை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

இப்போது நான் உயர்தர வகுப்பில் ஏ.எல். படிக்கிறேன். கொட்டிலில் பெரியப்பாவின் வான் வண்டி நிற்கிறது. போனில் இருக்கும் கேமிலும் கொப்லின்கள் வருகின்றன. விரலால் தட்டினால் செத்துவிழும், புள்ளி ஏறும். யாரும் எதுவும் கேட்பதில்லை. பயமே வருவதில்லை…

போன மாதம் அண்ணைக்கு மெசேஜ் போட்டேன். ஆரணி இன்னும் அங்கேயா? அப்பா வந்தாரா?

உடனே பதில் வந்தது. "அதை நீதான் சொல்லவேணும். நீ உண்டாக்கின அப்பாவெல்லோ."

வந்தார் என்று எழுதினேன். அந்தக் குழந்தையின் அழுகை ஞாபகம் வந்தது, அழித்தேன். வரவில்லை என்று எழுதினேன், அப்படியென்றால் ஆரணி இன்னும் அந்த இருட்டில்… அதையும் அனுப்ப முடியவில்லை.