கடை யார் பேரில்?

ஆடிட்டர் ஆபீஸின் கண்ணாடிக் கதவை அவள் சாத்திய வேகத்தில், வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண் பதறி எழுந்துவிட்டாள். மாடிப்படி இறங்கும்போது அவளுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன.

“நேத்து முளைச்சவ! என் அண்ணனைப் பத்தி என்கிட்டயே பேசறா!”

இத்தனைக்கும் அந்த ஆடிட்டர் அம்மா யாரையும் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் சில கேள்விகள் கன்னத்தில் அறைவதைவிட வலிக்கும். அந்த வலி அறைந்தவள் மேல் கோபமாகத்தான் முதலில் திரும்பும்.

தெருவில் அவளைப் பைக்காரி என்பார்கள். கணவன் இறந்த பிறகு ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுப் பின்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தவள். அழுது அழுது கண் வற்றிப்போன ஒரு மத்தியான நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரி குப்பையில் போட வைத்திருந்த தோல் கைப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் வாங்கினாள். உள்துணியை வெளியே இழுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா தூவி, பழைய பேப்பரைத் திணித்து நிழலில் உலர்த்தினாள். வாய் பிளந்து கிடந்த ஜிப்புக்கு வேறு ரன்னர் போட்டாள். அந்தப் பை ஆன்லைனில் விற்றது. அதை வாங்கியவள் நன்றி சொல்லி நாலு வரி எழுதியிருந்தாள். அன்றைக்குத்தான், வெகு நாள் கழித்து, இவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அப்படி வளர்ந்தது அந்த ஆன்லைன் கடை. ஜன்னலோரம் வெள்ளைப் போர்வை விரித்து, ஒவ்வொரு பையையும் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்திப் படம் எடுப்பாள். கீறல் இருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பாள். “இந்த மூலையில் தோல் உரிந்திருக்கிறது, பார்த்து வாங்குங்கள்” என்று கீழே எழுதுவாள். அந்த நேர்மைக்காகவே திரும்பத் திரும்ப வந்து வாங்கியவர்கள் ஏராளம்.

கடையைப் பதிவு செய்த அன்று அண்ணன் சொன்னார்: “நீ தனியா இருக்கற பொம்பளை. பேங்க், வரின்னு எவனாவது வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவ? என் பேர்லயே இருக்கட்டும்.”

அந்த வீட்டில் கரண்ட் பில், கேஸ், தண்ணீர் இணைப்பு எல்லாம் மூத்தவர் பேரில்தான். கடையும் போய் அந்த வரிசையில் நின்றுகொண்டது. அண்ணன் அன்று பாசத்தோடுதான் சொன்னார். இவளும் கண் கலங்கத்தான் தலையாட்டினாள். அன்று யார் மனதிலும் கள்ளம் இல்லை. அதுதான் கொடுமை.

அதற்குப் பிறகு கடைக்குள் நுழைய வேண்டுமானால் ஓ.டி.பி. அண்ணன் போனுக்குத்தான் வரும். “அண்ணா, நம்பர் வந்துச்சா பாருங்க” என்று அவள் கூடத்து வாசலில் நிற்பாள். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், பிச்சை போடுவதுபோல் ஒவ்வோர் எண்ணாகப் போடுவார்.

இப்போது ஒரு துணிக்கடைக்காரர் மொத்தமாகப் பைகள் கேட்டார், பில்லோடு வேண்டும் என்றார். பில் போடுவது எப்படி என்று கேட்கத்தான் அவள் ஆடிட்டரிடம் போனாள்.

“பில் தாராளமா போடலாம். கடை யார் பேர்ல இருக்கு?”

“எங்க அண்ணன் பேர்ல.”

“பேங்க் அக்கவுண்ட்?”

“அதுவும் அண்ணனோடதுதான் மேடம். கூடப்பிறந்தவர், வேத்து ஆள் இல்ல.”

ஆடிட்டர் பேனாவை மூடி வைத்தாள். “அப்ப அந்தக் கடைக்கு நீங்க யாரு?”

“நான்தான் மேடம் எல்லாம்!”

“அது உங்களுக்குத் தெரியும், இப்ப எனக்கும் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. நாளைக்கு அவர் கடையை வேற யாருக்காவது குடுத்தா நீங்க தடுக்கறது ரொம்பக் கஷ்டம். வரியில தப்பு வந்தாலோ, அவர் தலைதான் உருளும். அவர் நல்லவரா கெட்டவரான்னு நான் கேட்கவே இல்ல. உங்க பேர்ல புதுசா பதிவு பண்ணிக்குங்க. ஆரம்பிக்கும்போதே யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கதவை அறைந்து சாத்த வைத்தது.

வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் தம்பியும் இருந்தான். வேலை போனதிலிருந்து அக்கா வீட்டுச் சோபாவைக் காவல் காப்பவன்.

“கேளுங்கண்ணா கூத்தை!” என்று குழம்புக் கரண்டியோடு அவள் ஆரம்பித்தாள். “அந்த ஆடிட்டரம்மா சொல்றா, நாளைக்கு நீங்க கடையை வேற யாருக்காவது குடுத்துடுவீங்களாம். நல்லா திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்!”

அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தாள். ‘எவ அவ?’ என்று எகிறுவார் என்று நினைத்தாள். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி தம்பியைப் பார்த்தாள். தம்பி தண்ணீர் குடித்தான்.

“பேச்சு வந்ததும் வந்துச்சு,” என்றார் அண்ணன். “நானே சொல்லணும்னு இருந்தேன். இனிமே மச்சான் கடையைப் பார்த்துக்கட்டும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன். நீ எப்பவும்போல பையைக் கழுவித் துடைச்சுக் குடு, போதும்.”



“நீங்க கீறலையெல்லாம் பெரிசாக் காட்டறீங்கக்கா,” என்று அவன் குஷியாக ஆரம்பித்தான். “எவன் வாங்குவான்?”

“வாங்கறாங்களேடா! அதைப் பார்த்துத்தானேடா வாங்கறாங்க!” கரண்டி தரையில் விழுந்து உருண்டது. “அண்ணா, யார் கடையைத் தூக்கி யாருக்குக் குடுக்கறீங்க?”

“என் பேர்ல இருக்கற கடையை.”

சொன்ன பிறகு அவருக்கே முகம் சுருங்கியது. ஆனால் வாயை விட்டு வந்தது வந்ததுதான்.

“நிக்க நிழல் குடுத்தவரை நிக்க வச்சுக் கேள்வி கேட்கறியா?” என்றாள் அண்ணி.

“நிழல் குடுத்தார் அண்ணி, இல்லைங்கல. அதுக்குக் கூலியா என் ரெண்டு கையையும் வெட்டி உங்க தம்பிக்குப் பரிசாக் குடுக்கச் சொல்லலையே நான்!”

அவள் அறைக்குப் போனாள். பின்னாலேயே வந்த தம்பி அலமாரிப் பைகள் பக்கம் கையை நீட்டினான். “இதை மட்டும் தொட்டுப் பாரு, விரலை ஒடிச்சு உள்ளங்கையில குடுப்பேன். ஒவ்வொண்ணும் என் கைக்காசுல வாங்கினது!” அந்தக் குரலில் அவன் இரண்டு படி பின்னால் இறங்கிவிட்டான்.

மறுநாள் அதே கண்ணாடிக் கதவு. வரவேற்புப் பெண் பயத்தோடு பார்த்தாள்.

“நேத்து கத்திட்டேன் மேடம். என் பேர்ல ஆரம்பிச்சுக் குடுங்க.”

ஆடிட்டர் ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்லவில்லை. “முதல்ல உங்க பேர்ல ஒரு பேங்க் அக்கவுண்ட். உங்க கையில இருக்கற போன் நம்பர். பை வாங்கும்போதே ரசீது,” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். “பழைய கடைக்கு வந்த பாராட்டெல்லாம் அங்கேயே தங்கிடும். கொண்டுவர வழியில்லம்மா.”

“அத்தனை பேர் எழுதினதும் போச்சா?”

“போச்சு.”

அந்த ஒரு சொல்லுக்கு அவள் அந்த நாற்காலியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழுத அழுகை அல்ல அது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆத்திரம் தாங்காமல் அழுதது.

புதுக் கடைக்கு ஆள் வரவில்லை. வாரக் கணக்கில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. துணிக்கடைக்காரர் மட்டும் பில்லைப் பார்த்து, பைகளை எடுத்துக்கொண்டார். ஒரே வீட்டுக்குள் அண்ணனும் அவளும் பார்க்காமல் நடக்கப் பழகினார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் அறைக் கதவு தட்டப்பட்டது. கையில் போனோடு அண்ணன் நின்றார்.

“மச்சான் ஏதோ மொத்தக் கடையில வாங்கிப் போட்டிருக்கான். உள்ள கிழிஞ்ச பையாம். ஆளாளுக்குத் திட்டி எழுதறாங்க. போலீஸுக்குப் போவேங்கறா ஒருத்தி.” அவர் குரல் இறங்கியது. “உன் எழுத்துன்னா அவங்க நம்புவாங்கம்மா. நாலு வரி எழுதிக் குடேன்.”

வயதான முகம். அப்பா போன அன்று இவளைத் தோளில் சாய்த்துக்கொண்ட அதே அண்ணன்தான். அவளுக்கு நெஞ்சு ஒரு கணம் இளகத்தான் செய்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

“ஏமாந்தவங்க என்னை நம்பி வந்தவங்கண்ணா. அவங்க பணத்தை முதல்ல திருப்பிக் குடுங்க. எழுத வேண்டியதை உங்க கையால எழுதுங்க. என் எழுத்தை இனி யாருக்கும் இரவல் தரமாட்டேன்.”

“கூடப்பிறந்தவன் கேட்கறேன்.”

“கூடப்பிறந்தவர்னு நம்பித்தான் ஒரு வார்த்தை கூடக் கேட்காம குடுத்தேன்.”

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். வெளியே அவர் வெகு நேரம் நகரவில்லை. அவர் மூச்சு இவளுக்குக் கேட்டது. கை தானாகத் தாழ்ப்பாள் பக்கம் போனது. அந்தக் கையை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள், அவர் காலடிச் சத்தம் கூடத்துக்குப் போய் ஓயும்வரை.