ஊசிக்கு இல்லாத கட்டம்

"ஆடி இரண்டாம் செவ்வாய், காலை 6.10. வெறும் வயிறு. கரும்புக்காரர் 182, பாய் 164, நான் 141. மேகமூட்டம்."

என் சர்க்கரை நோட்டில் உள்ள குறிப்பு. மேகத்தைக்கூட விடவில்லை.

பாகூர் ஏரிக்கரையில் நடந்து முடித்து, கரும்பு போடும் அண்ணன், மளிகைக்கடை பாய், நான் மூவரும் மதகுக்கட்டையில் உட்காருவோம். சுகர் மெஷின் என்னுடையது. ஸ்ட்ரிப் ஆளுக்கு ஒன்று. விரலில் குத்தும் ஊசி மட்டும் மூவருக்கும் பொது, மழுங்கினால்தான் மாற்றுவேன். நடுவில் பஞ்சால் துடைப்பதைச் சுத்தம் என்று நம்பியிருந்தேன். டீக்கடையில் டம்ளரை இரண்டு முறை கழுவச் சொல்லும் அண்ணனும் அந்த ஊசிக்கு விரலை நீட்டினார்.

ஐப்பசியில் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தபோது எனக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. இது ரத்தம் வழியாகப் பரவும் என்று சொல்லி, டாக்டரம்மா சர்க்கரை பார்க்கும் ஊசியைப் பற்றிக் கேட்டார். பெருமையோடு நோட்டை நீட்டினேன். பொறுமையாகப் புரட்டிவிட்டு, ஊசி மாற்றிய தேதி எங்கே என்றார். அதற்கு நான் கட்டம் போடவில்லை. மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும், ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈரல் சீக்கிரம் கெடலாம், மற்ற இருவரும் உடனே பார்க்கவேண்டும் என்றார்.

பாய் மறுநாளே ரத்தம் கொடுத்தார். அவருக்கும் இருந்தது. "அப்போ நாம ரத்த சொந்தம் ஆயிட்டோம்" என்று சொல்லிவிட்டு மாத்திரையைத் தொடங்கினார்.

அண்ணன்தான் மறுத்தார். அவர் மகளுக்கு நிச்சயம் வைத்திருந்த நேரம்.

"மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? மொதல்ல உன் நோட்ட கொளுத்துபா."

"கொளுத்தினா ரத்தத்துல இருக்கறது போயிடுமாண்ணே?"

அவர் எழுந்து போய்விட்டார். ஏரிக்கரைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். வெளியூர் போய் ரத்தம் கொடுங்கள், யாருக்கும் தெரியாது என்று பாயிடம் சொல்லி அனுப்பினேன். எதுவும் நடக்கவில்லை.

நிச்சயம் முடிந்து, தை பிறந்த பிறகு ஒரு காலையில் மதகுக்கட்டைக்கு வந்தார். கடலூர் போய்ப் பார்த்ததாகவும் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். காகிதத்தைக் கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து சொந்தமாக ஓர் ஊசி டப்பாவை எடுத்தார். குத்திய ஊசியை எங்களைத் தொடவிடாமல் மூடிப் பத்திரப்படுத்தினார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை.

இப்போது நோட்டில் ஊசிக்கும் ஒரு கட்டம் உண்டு. அன்றைய பக்கத்தின் அடியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அண்ணன் தனக்கு இல்லை என்கிறார். ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. உறுதியாகவில்லை."