ஜெனரேட்டர் புகை

இன்று பென்னாகரம் பஸ்ஸில், நான் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் என்று தெரிந்ததும் பக்கத்து சீட் கல்லூரிப் பெண் கேட்டாள்: "கார்பன் தடம்னா என்னங்க சார்? நாளைக்குப் பரீட்சைங்க."

"நாம செய்யற ஒவ்வொண்ணாலயும் எவ்வளவு கரியமில வாயு காத்துல சேருதுங்கற கணக்கும்மா."

சொல்லும்போதே, ஆரோக்கியமேரியம்மா நினைவுக்கு வந்துவிட்டார்.

எண்பதுகளின் கடைசி. இதே பக்கத்தில் ஒரு ஊருக்கு, பூமி சூடாவதைப் பற்றிப் பேச ஜீப்பில் போயிருந்தேன். ஸ்லைடு காட்டக் கரண்ட் இல்லை. வாசலில் ஜெனரேட்டரை ஓடவிட்டோம்.

விறகு சுமந்து விற்கும் பெண்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "நீங்க அடுப்பெரிக்கற புகையாலதான் பூமி சூடாவுது" என்று அடித்துச் சொன்னேன்.

அவர்களில் ஒருவரான ஆரோக்கியமேரியம்மா இருமிக்கொண்டே எழுந்தார். "அந்த மிசினு பொகையும் மேலதானுங்க சார் போவுது?"

"அது வேறம்மா" என்றேன்.

"படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அது எப்படி வேறு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு நாளைக்குப் பரீட்சை.