“சுடுது” என்றால் என்னவென்று தெரிந்தவர்

காஜா பெராங்கில் என் தையல் கடைக்கு எதிரேதான் பஸ் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாக்கியம் டீச்சர் இறங்குவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் மட்டும் இறங்கி வந்தார். “டைலர், டீச்சர் இனி வரமாட்டாங்க. நெஞ்சுவலியாம். நேத்தே எடுத்துட்டாங்க,” என்றார். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

டீச்சரை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களில் அவரிடம் படித்தவர்கள் நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும். என்னால் என் மகள் வசந்தாவை வைத்துத்தான் அவரைப் பற்றிப் பேச முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு வந்த நாளிலிருந்து வசந்தாவுக்கு ஒரே புகார்: “சுடுது.” சட்டை போட்டால் சுடுது, தலை வாரினால் சுடுது, பக்கத்து வீட்டு ரேடியோ பாடினால் சுடுது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும். சுடுது என்று கேட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? உடம்புச் சூடு என்று முடிவு கட்டி, நல்லெண்ணெய் தேய்த்து முழுக்காட்டினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, பிள்ளை கதறுவாள். “சூடு எறங்குது, அதான் கத்துறா,” என்பாள் என் அக்கா.

பள்ளியில் சேர்த்த புதிதில் டீச்சர் கடைக்கு வந்தார். கஞ்சி போட்ட சட்டை ஒன்றை எடுத்து, உள்தையலில் என் விரலை வைத்துத் தேய்த்தார். “அண்ணே, பிள்ளைக்குச் சூடெல்லாம் இல்ல. இது அவ தோலுக்குப் பொறுக்கல. சத்தமும் அப்படித்தான். அதத்தான் சுடுதுன்னு சொல்றா. மொதல்ல அந்த எண்ணெய்க் குளியல நிறுத்துங்க. சட்டைய, தையல் வெளிய இருக்கிற மாதிரி தைங்க.” தைத்தேன். டைலர் மகளே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போகிறாள் என்று தெருவே சிரித்தது. சிரித்துத் தொலையட்டும். அந்தச் சட்டையோடு வசந்தா பள்ளி விடும்வரை வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். “எனக்கு ஒன்னும் தெரியாதுண்ணே. பிள்ளைய பாத்தேன், அவ்வளவுதான்,” என்றார்.

மெர்டேக்கா, அதாவது நாட்டின் சுதந்திர நாள், நெருங்கியது. பிள்ளைகள் எல்லாரும் திடலில் நின்று, கையை உயர்த்தி “மெர்டேக்கா” என்று முழங்கப் பழகினார்கள். முதல் முழக்கத்திலேயே வசந்தா காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் விழுந்தாள். மறுநாள் டீச்சருடைய வகுப்பு மட்டும் வாய் திறக்காமல் கையை உயர்த்தியது. தலைமையாசிரியர் கொதித்துப்போனார். “ஊரே கத்துது, ஒங்க கிளாஸ் மட்டும் ஊமையா? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?”

“இவளுக்கும் சேத்துத்தானே சார் சுதந்திரம் வருது,” என்றார் டீச்சர்.

அடுத்த ஆண்டே அவரை ஆயர் குரோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கு மாற்றினார்கள். காரணம் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும். புதிதாக வந்தவருக்குப் பொறுமை இல்லை. மணி அடிக்கும்போதெல்லாம் வசந்தா மேசைக்கு அடியில் போய் ஒளிந்தாள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கிளினிக்கில் மூளை வளர்ச்சி இல்லை என்றார்கள், கோயிலில் தோஷம் என்றார்கள். வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்கவில்லை.

ஞாயிறுதோறும் டீச்சர் மட்டும் வந்தார். என் பழைய சாரோங் கைலியை எடுத்து வசந்தாவை இறுக்கிச் சுற்றிவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்காருவார். அவள் மூச்சு மெல்ல அடங்கும். எங்கள் வீட்டில் அவள் நிம்மதியாக இருந்தது அந்த நேரம் மட்டும்தான். என் மனைவி சுற்றினாலும் நான் சுற்றினாலும் உதறிவிடுவாள். “இது சரியாகுமா டீச்சர்?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. “ஆகாதுண்ணே. தனியா விட்டா இன்னும் சுடும்.”

கண்டக்டர் சொன்ன அன்று கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். வசந்தா இப்போது என்னைவிட உயரம். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “டீச்சர் செத்துட்டாங்கம்மா, இனிமே வரமாட்டாங்க,” என்றேன். வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், “சுடுது” என்றாள்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் சட்டையில் தையல் வெளியேதான் இருந்தது. எங்கே சுடுகிறது என்று கேட்டேன். அவளுக்குக் காட்டத் தெரியவில்லை. சாரோங்கைச் சுற்றப் போனேன், உதறிவிட்டாள்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்லின் பொருள்தான். என் மகள் சொல்வது எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?