டங்கனின் கடைசி ஆட்டத்துக்காக அஜக்ஸ் வரை

தொண்ணூறுகளின் நடுவில், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மோர்னிங்சைடிலிருந்து பக்கத்து நகரான அஜக்ஸுக்குப் போனோம். சுற்றிப் பார்ப்பதற்கல்ல. மில்லிக்கனில் என்னோடு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலைசெய்த டங்கன் அங்கே உதைபந்தாட்டம் ஆடினார். இந்த நகரத்தில் அவருக்கென்று யாருமில்லை. வந்து நிற்பாயா என்று கேட்டிருந்தார்.

கார் சிவா அண்ணையுடையது. என் மேல்வீட்டுக்காரர். 401 நெடுஞ்சாலையில் இருபது கிலோமீற்றர்தான். மழையும் வீதித் திருத்தமும் சேர்ந்து ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரவு வேலை முடித்து வந்த எனக்குக் கண் செருகியது. பின்சீற்றில் டங்கன் முழங்காலுக்குப் பட்டி சுற்றியபடி தன் கதையைச் சொன்னார். ஸ்கொட்லாந்தின் கீழ்ப்பிரிவுகளில் பதினான்கு வருடம், நான்கு கழகங்கள், எப்போதும் நடுக்களம். பகலில் குழாய் திருத்துவார், மாலையில் பயிற்சி. ஒருமுறை பெரிய கழகமொன்று அவரைப் பார்த்துவர ஆள் அனுப்பியது. அன்றைக்கென்று பின்களத்தில் ஆடுபவருக்குக் காய்ச்சல். பயிற்சியாளர் கேட்க, டங்கன் அந்த இடத்தில் ஆடினார். வந்தவர் இடைவேளையோடு எழும்பிப் போய்விட்டார்.

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றார் சிவா அண்ணை. நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன். வேறு ஆள் இருக்கவில்லை என்றார் டங்கன்.

மைதானத்தில் பார்வையாளர் இருபது பேர்கூட இல்லை. அடுத்த பருவத்துக்கும் அவரை வைத்திருப்பதா என்று கழகம் அன்றுதான் முடிவுசெய்ய இருந்தது. முதற்பாதியில் நன்றாகத்தான் ஆடினார். அதிகம் ஓடவில்லை, பந்து வருமிடத்தில் முன்னமே நின்றார். பிற்பாதியில் எதிரணி இளைஞன் ஒருவன் அவரைத் திரும்பத் திரும்பக் கடந்து போனான். கடைசியில் கோலும் போட்டான். டங்கன் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றார். பிறகு, தன்னை மாற்றும்படி கையை உயர்த்தினார்.

"உவருக்குக் கால் வீங்கிப்போச்சு. காருக்குள்ள வரச்சொல்லும், ஹீற்றர் போட்டிருக்கிறன்," என்றார் சிவா அண்ணை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"எனக்குத்தான் முடிந்தது. ஆட்டம் இன்னும் முடியவில்லை," என்றார் டங்கன், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மழையிலேயே நின்றார். அவருடைய அணி தோற்றது. நொண்டியபடி போய் இரு அணியினருக்கும் கைகொடுத்தார்; அந்த இளைஞனோடு கொஞ்சநேரம் பேசினார். பிறகு பயிற்சியாளரிடம், அடுத்த வருடம் தன்னை எதிர்பார்க்க வேண்டாமென்று தானே சொல்லிவிட்டார்.

இப்படியான ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு: ரயிலில் போனால் நிலையத்திலிருந்து மைதானம் நடைதூரமில்லை, கார் நல்லது. ஓரத்தில் கூரை கிடையாது. மழையங்கியும் போத்தலில் தேநீரும் கொண்டுபோங்கள். ஆட்டம் முடிந்த கையோடு புறப்படலாமென்று நினைக்காதீர்கள். எங்கள் ஆள் காரில் ஏற முக்கால் மணித்தியாலம் ஆனது. மற்றவர்கள் போனபின்னும், ஈரத்தில் இறுகிப்போன கோல் வலையைக் கழற்ற உதவிக்கொண்டிருந்தார்.