தகரக் கொட்டகையில் அக்கோடியன்

புலம்பெயர்ந்து நான் வாழும் ஸ்டோவ்னரின் சமூகக்கூடத்தில் ஐம்பத்திரண்டு கதிரைகள், பதினேழு பேர். தன் நாட்டுக் கலியாணப் பாட்டுகளை அயலாருக்கு வாசித்துக் காட்டுவதற்காக ஒரு செக் நாட்டுக்காரர் அக்கோடியன் பெட்டியைத் திறந்தார். பழந்தோலும் பசையும் கலந்த அந்த நாற்றம் எனக்கு அறவே ஆகாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வேலிக்கு அப்பால் இருந்து, இன்று இல்லாமல் போன தகரக் கொட்டகையின் நாற்றம் அது. அங்கே பின்னேரந்தோறும் ஒரு மெல்லிசைக் குழு பழகும். அவர்களின் அக்கோடியன் துருத்தி இழுத்து மூச்சுவிட, ஒரே பாட்டடி மறுபடி மறுபடி தொடங்க, கூரைத் தகரமும் சேர்ந்து அதிர, கணக்கு மாஸ்டரான அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, “எத்தினை தரமெண்டு எண்ணடா, பட்டினசபைக்கு எழுதவேணும்” என்பார்.

எண்ணிச் சொன்னேன்: ஒரு பின்னேரத்தில் நாற்பத்தொரு தரம். அந்த முறைப்பாட்டால் கொட்டகையைப் பிரித்தார்கள். அந்தக் குழுவின் அக்கோடியன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் படலை வாசலுக்கு வந்தார்.

“ஆர் மாஸ்டர் இதை எண்ணினது? உங்கட காதுக்குள்ள மீற்றர் கிடக்கோ?”

“என்ர மகன். அவன் கணக்கில பிழைவிடமாட்டான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வேலியில் நட்ட கதியால் தடிகளை எண்ணத் தொடங்கினேன். நான் கேட்டது பத்தொன்பது தரம்தான். அப்பாவுக்கு அது போதாதென்று கூட்டிச் சொல்லியிருந்தேன்.